நாடு கடத்தப்பட்ட பத்திரிகை ஆசிரியர்



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில் நெய்யாற்றின்கரை இருக்கிறது. அதைத் தாண்டினால் பாறசாலை. அப்புறம் தமிழ்நாட்டு எல்லை. இந்த நெய்யாற்றின்கரையில் 1878ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் ராமகிருஷ்ண பிள்ளை பிறந்தார். அவர் ஆசிரியராக இருந்த பத்திரிகை 'சுதேசாபிமானி'. அந்தப் பெயரே அவருக்கும் பெயராகிவிட்டது.

1906இல் அவர் அந்த மலையாளப் பத்திரிகையின் ஆசிரியரானார். பத்திரிகையும் அச்சுக்கூடமும் வக்கம் அப்துல் காதர் மௌலவிக்குச் சொந்தம். எதை எழுதுவது என்பதில் மௌலவி தலையிடவில்லை.

அப்போது இங்கே நடந்தது திருவிதாங்கூர் மன்னர் ஆட்சி. அதிகாரிகள் செய்த ஊழலைப் பிள்ளை எழுதினார். திவான் ராஜகோபாலாச்சாரியையும் விடவில்லை. மன்னர் கடவுளின் பிரதிநிதி என்பதையும் அவர் ஏற்கவில்லை.

அரசு பொறுக்குமா? 1910 செப்டம்பர் 26ஆம் நாள் போலீசார் வந்தார்கள். அச்சுக்கூடத்தைப் பறிமுதல் செய்தார்கள். பிள்ளையைக் கைது செய்து, எல்லைக்கு அப்பால் திருநெல்வேலிக்கு நாடு கடத்தினார்கள்.

ஊரை இழந்தும் பிள்ளை பேனாவைக் கீழே வைக்கவில்லை. 1912இல் காரல் மார்க்ஸின் வாழ்க்கையை மலையாளத்தில் எழுதினார். இந்திய மொழிகளில் மார்க்ஸைப் பற்றி முதலில் வந்த நூல்களில் அதுவும் ஒன்று. ரஷ்யப் புரட்சி நடந்தது அதற்கு 5 ஆண்டுகள் கழித்துத்தான்.

யார் இந்த மார்க்ஸ்? 1818இல் ஜெர்மனியில் பிறந்தவர். அவரும் பத்திரிகை ஆசிரியர். அவருடைய பத்திரிகையையும் அரசு மூடியது. அவரும் நாடுவிட்டு நாடு துரத்தப்பட்டார். 1883இல் லண்டனில் இறந்தார்.

அவர் சொன்னது என்ன? நமக்குத் தெரிந்த பாலராமபுரம் தறியையே எடுத்துக்கொள்வோம். தறியும் நூலும் முதலாளியுடையவை என்று வைத்துக்கொள்ளுங்கள். நெசவாளி 10 மணி நேரம் நெய்கிறார். 5 மணி நேரத்திலேயே தம் கூலிக்கு ஈடான மதிப்பை உண்டாக்கிவிடுகிறார். மீதி 5 மணி நேர உழைப்பு யாருக்குப் போகிறது? முதலாளிக்கு. இதைத்தான் மார்க்ஸ் உபரி மதிப்பு என்றார்.

பிள்ளையிடம் குறையும் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க, வெங்கானூர் அய்யன்காளி போராடினார். பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துப் போனார். ஆத்திரம் கொண்டவர்கள் பள்ளிக்கே தீ வைத்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து படிப்பதை 1910இல் பிள்ளையும் எதிர்த்து எழுதினார். மன்னரை எதிர்த்தவருக்குச் சாதியின் கொடுமை தெரியவில்லை.

1916 மார்ச் 28ஆம் நாள் கண்ணூரில் அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 37. பிறந்த ஊருக்குத் திரும்பவே இல்லை.

நண்பர்களே, படிப்பது என்றால் எழுதியதை எல்லாம் அப்படியே நம்புவது அல்ல. எழுதியவரையும் கேள்வி கேட்க வேண்டும். பிள்ளையின் துணிவை ஏற்போம். பள்ளி பற்றி அவர் சொன்னதைத் தள்ளுவோம். உழைப்புக்கு ஏற்ற கூலி நம் ஊரில் கிடைக்கிறதா? எல்லாப் பிள்ளைகளும் சமமாக நடத்தப்படுகிறார்களா? கூடி உட்கார்ந்து பேசுங்கள்.