ஆர்ச்பிஷப் டூட்டுவும் நிறஜாதியும்



ஒரு பாதிரியாரைப் பற்றிப் பேச இந்த மேடையில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அவர் அங்கி போட்டதற்காக நான் பேச வரவில்லை. அங்கி போட்டவர்களில் பெரும்பாலோர் செய்யத் துணியாத காரியத்தை அவர் செய்தார் என்பதற்காகவே பேசுகிறேன்.

டெஸ்மண்ட் டூட்டு 1931-ல் தென்னாப்பிரிக்காவில் கிளெர்க்ஸ்டார்ப் என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனார் பள்ளி ஆசிரியர். தாயார் வீட்டு வேலை செய்து பிழைத்தவர். பையனாயிருக்கையில் ஒரு நாள், எதிரே வந்த டிரெவர் ஹடில்ஸ்டன் என்ற வெள்ளைக்காரப் பாதிரியார் அந்தத் தாயாருக்குத் தொப்பியை எடுத்து மரியாதை செய்தாராம். பையன் திகைத்துப் போனான். இதை அவரே பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு தொப்பி தலையைவிட்டு அரை அடி எழும்பியதே அதிசயமாகத் தோன்றிய நாடு என்றால், அதன் யோக்கியதையை நீங்களே அளந்துகொள்ளுங்கள்!

அந்த நாட்டை ஆண்டவர்கள் நாஸ்திகர்களா? இல்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனவர்கள். அவர்களுடைய டச்சு சீர்திருத்த சபை, பாபேல் கோபுரக் கதையைக் காட்டி, மக்களைப் பிரித்து வைத்தது கடவுள் சித்தமே என்று நிறப்பிரிவினைக்கு நியாயம் சொல்லிற்று. அதே வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு டூட்டு எல்லோரும் சமம் என்றார். புத்தகம் ஒன்று, தீர்ப்பு இரண்டு! அப்படியானால் தீர்ப்புச் சொன்னது புத்தகமா, அல்லது அதைப் படித்தவனுடைய மான உணர்ச்சியா?

1953-ல் கறுப்பு மக்களின் பிள்ளைகளுக்குக் கூலி வேலைக்கு வேண்டிய அளவே படிப்புப் போதும் என்று ஒரு சட்டம் வந்தது. ஆசிரியராயிருந்த டூட்டு வேலையை விட்டார். 1961-ல் பாதிரியாரானார். படித்த கறுப்பு மனிதனுக்கு அன்று திறந்திருந்த வாசல்கள் மிகச் சில என்பதையும் மறக்கக் கூடாது.

1984-ல் நோபெல் பரிசு. 1986-ல் கேப்டவுன் ஆர்ச்பிஷப். அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பர் அவரே. ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். ஆர்ச்பிஷப்பின் மாளிகை இருந்ததோ வெள்ளையர் வட்டாரம். சர்க்கார் அனுமதியில்லாமல் கறுப்பு மனிதன் அங்கே குடியிருக்கக் கூடாது என்பது சட்டம். நேட்டாலுக்குக் கூலிகளாய்ப் போன நம் தமிழ் மக்களின் சந்ததியாரையும் வீட்டைவிட்டு விரட்டிய சட்டம் அதுதான். டூட்டு அனுமதி கேட்கவில்லை, குடியேறிவிட்டார். அவர் செய்த பிரசங்கங்கள் அத்தனையையும்விட இந்தக் கேளாமையையே நான் பெரிதாக மதிக்கிறேன். அவ்வளவு பெரிய பதவியிலிருந்தவருக்கு முதன்முதல் ஓட்டுக் கிடைத்தது 1994-ல், 62-வது வயதில்!

பிறகு கொடுமைகளை விசாரித்த உண்மை மன்றத்துக்குத் தலைவரானார். குற்றத்தை முழுதும் ஒப்புக்கொண்டவனுக்கு மன்னிப்பு உண்டென்பது அதன் ஏற்பாடு. 1977-ல் போலீஸ் காவலில் அடிபட்டு மாண்ட ஸ்டீவ் பிகோவின் குடும்பத்தார் இதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போய் 1996-ல் தோற்றார்கள். என் மனம் அக்குடும்பத்தார் பக்கந்தான். மன்னிக்கும் உரிமை அடிபட்டவனுடையது. சர்க்கார் அதை எடுத்துத் தானம் செய்வதற்கில்லை. பிகோ வழக்கில் போலீஸாருக்கு மன்னிப்பு மறுக்கப்பட்டது உண்மையே; ஆயினும் 2003-ல் சாட்சியம் போதாதென்று வழக்குத் தொடராமல் விட்டார்கள். அதே ஆண்டில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 30,000 ராண்ட் என்று சர்க்கார் அறிவித்தது. மன்றம் சொன்ன தொகையோ அதைவிட எவ்வளவோ அதிகம். இந்தப் பாக்கியைப் பற்றி, 2021-ல் மறையும் முன்னர், டூட்டுவே தம் தோழர்களின் சர்க்காரைக் கண்டித்து எழுதினார்.