சட்டம் வந்து போனது. நம் வீடு என்ன ஆயிற்று?

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

மதுவிலக்கு நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு அதைத் தொடங்கியது பக்கத்துச் சேலத்தில்தான். குறைந்த கலால் வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டார்கள். 1948-இல் மாகாணம் முழுவதும் மது விலக்கப்பட்டது. 1971-இல் நிதி நெருக்கடியைச் சொல்லித் தடையை எடுத்தார்கள். 1974-இல் கடைகளை மூடினார்கள். 1981-இல் மறுபடி திறந்தார்கள். 1983-இல் டாஸ்மாக் வந்தது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அரசே நடத்துகிறது. அன்று போட்ட வரி வாட், ஜி.எஸ்.டி. என்று பெயர் மாறி இன்றும் இருக்கிறது. மதுவிலக்குதான் இல்லை.

அமெரிக்காவிலும் 1920-இல் வந்த தடை 1933-இல் போய்விட்டது. மனம் மாறாத இடத்தில் சட்டம் மட்டும் நிற்பதில்லை.

மதீனாவில் தடை படிப்படியாக வந்தது. மதுவின் தீமை பெரிது என்று முதலில் உணர்த்தப்பட்டது. போதையோடு தொழுகையை நெருங்குவது அடுத்துத் தடுக்கப்பட்டது. பிறகே முழுத் தடை. அப்போது மக்களே தங்கள் மதுவைத் தெருவில் கொட்டினார்கள்.

"நம்மவர்களிடம் குடி இல்லை" என்று பேசிக்கொள்கிறோம். பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம். அன்று இரவு வெறும் கையோடு வரும் கணவருக்காகக் காத்திருக்கும் சகோதரிகள் நம் மஹல்லாவிலும் இருக்கிறார்கள். மளிகைக்கு உதவி கேட்டு நம்மிடம் வருகிறார்கள், காரணத்தைச் சொல்வதில்லை. வெளியே தெரிந்தால் மகளுக்குச் சம்பந்தம் வராது என்ற பயம். அவர்கள் வாயை அடைத்தது நம் பேச்சுதான்.

2017-இல் நம் மாவட்டத்துச் சாமளாபுரத்தில் மதுக்கடைக்கு எதிராகப் பெண்கள் சாலைக்கு வந்து தடியடி பட்டார்கள். கடைகளை மூடச் சொல்லி நாமும் கேட்போம். ஆனால் அதுவரை சும்மா இருக்க முடியாது.

குடித்ததற்காகத் தண்டனை பெற்றவரைச் சிலர் திட்டியபோது, அவருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்று நபி (ஸல்) தடுத்தார்கள். நாமும் ஏளனத்தை நிறுத்துவோம். நீண்ட காலம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம்; டாக்டரிடம் அழைத்துப் போவோம். உதவி கேட்டு வரும் சகோதரியின் மானத்தைக் காப்போம். சனிக்கிழமை மாலை நம் பிள்ளைகள் யாரோடு, எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிப்போம்.

கடை திறப்பது அரசின் கையில். நம் வீட்டுக் கதவு நம் கையில். அல்லாஹ் நம் குடும்பங்களைக் காப்பானாக. ஆமீன்.