கை காட்டிய அக்கா

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. வீட்டு வேலை தவிர வேறு வேலைக்குப் போனதில்லை. பேச்சில் தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

‘பெரிய கம்பெனியும் நம்ம மளிகைக் கடையும்’ என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குழு வங்கிக் கடன் வாங்கி ஊரில் மளிகைக் கடை வைத்தது. அதில் நானும் ஒரு பங்கு. ஆனாலும் போன தீபாவளிக்கு எண்ணெயும் சோப்புத்தூளும் போனிலேயே ஆர்டர் போட்டுட்டேன். 60 ரூபாய் குறைச்சல், அவ்வளவுதான். பெட்டி கொண்டு வந்த தம்பிக்கு வீடு தெரியவில்லை. நேரே எங்கள் கடைக்குப் போய் என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறான். கடையில் இருந்த அக்கா எழுந்து வாசலுக்கு வந்து, “அந்த வேப்பமரத்து வீடுதான் தம்பி” என்று கை காட்டியிருக்கிறார். அன்றைக்குச் சாயங்காலம் குழுக் கூட்டம். அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அடுத்த மாதமே, கடையை மூடிவிடலாமா என்று பேச்சு வந்தது. “போனிலேயே எல்லாம் வருது, இனிமே கடைக்கு யார் வரப்போறா?” என்றார்கள். அந்தச் சமயம் சென்னையில் வேலை பார்க்கும் என் தம்பி ஊருக்கு வந்திருந்தான். அவன் சொன்ன விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அமேசான் கம்பெனி அமெரிக்காவில் 1995-ல் இன்டர்நெட் வழியாகப் புத்தகம் விற்க ஆரம்பித்தது. பிறகு எல்லாச் சாமானும் விற்றது. கடையே வேண்டாம் என்று வளர்ந்த அந்தக் கம்பெனிதான், 2017-ல் 1,370 கோடி டாலர் கொடுத்து ‘ஹோல் ஃபுட்ஸ்’ என்ற மளிகைக் கடைகளை வாங்கியது. ஒன்று இரண்டல்ல, நானூறு கடைக்கு மேல். மறு வருஷம் நம்ம நாட்டிலும் ‘மோர்’ கடைகளை வாங்கியவர்களோடு பங்கு சேர்ந்தது.

ஏன்? புடவையைப் படம் பார்த்து வாங்குகிறோம். தக்காளியை அப்படி வாங்க மனசு வருமா? தொட்டுப் பார்க்கணும், அழுத்திப் பார்க்கணும். அதோடு கீரையும் பாலும் சீக்கிரம் கெட்டுப்போகும். வீடு வீடாகக் கொண்டுபோகச் செலவு அதிகம். ஜனங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு கடை இருந்தால்தான் கட்டுப்படியாகும்.

2018-ல் பில் போடும் ஆளே இல்லாத கடையைத் திறந்தார்கள். எடுத்ததை எல்லாம் கேமரா கணக்குப் பார்த்துக்கொள்ளும். சாமானை எடுத்துக்கொண்டு நடந்து போக வேண்டியதுதான். 2021-ல் லண்டனிலும் அதே மாதிரி திறந்தார்கள். 2025-ல் இங்கிலாந்தில் இருந்த அந்த 19 ‘ஃபிரெஷ்’ கடைகளையும் விட்டுவிடப் போவதாக அவர்களே அறிவித்தார்கள். அவ்வளவு பணம் இருந்தும் மளிகைக் கடை நடத்துவது லேசாக இல்லை.

இதைக் கேட்டு நான் சந்தோஷப்படவில்லை, சகோதரிகளே. யோசித்தேன். அவர்களே கடை வேண்டும் என்று தேடி வருகிறார்கள். கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் நாம் ஏன் மூடணும்? ஆனால் நான் ஏன் போனில் வாங்கினேன் என்பதையும் கூட்டத்தில் சொன்னேன். 60 ரூபாய் மட்டும் காரணமில்லை. நம்ம கடைத் துவரம்பருப்பில் வண்டு இருந்தது. விலை எழுதி வைக்கவில்லை. மத்தியானம் போனால் பூட்டியிருக்கும். “நம்ம கடைதானே” என்று இரக்கப்பட்டு ஒரு மாதம் வாங்குவார்கள். வருஷம் முழுக்க வாங்க மாட்டார்கள்.

அன்றைக்குத் தீர்மான நோட்டில் நாலு விஷயம் எழுதினோம். எல்லாச் சாமானுக்கும் விலை எழுதி வைக்கணும். பருப்பைக் கொஞ்சமாக வாங்கி அடிக்கடி மாற்றணும். கடையைப் பகலில் பூட்டக்கூடாது, ஆள் மாற்றி ஆள் உட்காரணும். கடனுக்குக் கொடுத்தால் ஒரு வீட்டுக்கு 500 ரூபாய்க்கு மேல் கூடாது, உறுப்பினர் வீடானாலும் சரி.

இப்போது லாபம் கொட்டுகிறது என்று பொய் சொல்ல மாட்டேன். எண்ணெய் விலையில் இன்றைக்கும் நம்மால் அவர்களோடு போட்டி போட முடியவில்லை. ஆனால் நாலு மாதமாகத் தவணை தவறவில்லை. வங்கி சாருக்கே தெரியும்.

வாரத்தில் இரண்டு நாள் மத்தியானம் நான்தான் கடையில் உட்காருகிறேன். பெட்டி கொண்டு வருகிற தம்பிகள் இப்பவும் வந்து வழி கேட்கிறார்கள். நானும் கை காட்டுகிறேன். அந்த வீட்டுக்காரம்மா அடுத்த முறை கடைக்கு வந்தால், “என்ன சாமான் இங்கே இல்லேன்னு அங்கே வாங்கினீங்க?” என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

கை காட்டிய அக்காவுக்கு நன்றி.