சுருங்கிய ஒளியும் அம்மாவின் கண்ணும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவையொட்டி குருநகரில் ஆற்றிய உரை)



கண் வைத்தியர் ஒருத்தியைப் பேசக் கூப்பிட்டால் சலரோகத்தைப் பற்றியோ, வெயிலும் உப்புக்காற்றும் பட்டு கண்ணில் வளரும் சதையைப் பற்றியோ பேசுவாள் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேச வந்தது பௌதிகவியல். ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் எங்கள் பழைய மாணவியர் என்னிடம் தொலைபேசியில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அம்மாவின்ரை கண்ணை லேசரிலை செய்யலாமோ? காசு பரவாயில்லை." அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வதென்றால் லேசர் துடிப்பை எப்படிச் சுருக்குகிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1க்குப் பின்னால் 15 சைபர் போட்ட எண்ணால் ஒரு செக்கனைப் பிரித்தால் வருவது ஒரு பெம்டோசெக்கன். 6 பெம்டோசெக்கனில் ஒளி இரண்டு மைக்றோமீற்றர்கூடப் போகாது. எங்கள் இரத்தச் செங்குழியம் ஒன்றின் விட்டமே ஏறக்குறைய 7 மைக்றோமீற்றர்.

கண்ணாடியின் முறிவுச் சுட்டி மாறாது என்றுதான் உயர்தரத்தில் படித்தோம். சாதாரண ஒளிக்கு அது சரி. ஒளி மிக உக்கிரமானால் அந்த ஒளியே முறிவுச் சுட்டியைச் சற்றுக் கூட்டிவிடும். மின்புலத்தால் இப்படி மாற்றம் வருவதை ஜோன் கெர் 1875இல் கண்டார். ஒளிக்குள்ளும் மின்புலம் இருக்கிறதுதானே. துடிப்பின் நடுப்பகுதியில் உக்கிரம் கூட, இரு ஓரங்களிலும் குறைவு. ஆகவே கண்ணாடி இழையினூடு போகப்போக அதன் முன்விளிம்பு சிவப்புப் பக்கமும் பின்விளிம்பு நீலப் பக்கமும் சாய்கின்றன. முன்பு இல்லாத நிறங்கள் பிறக்கின்றன. இந்த நிறங்கள்தான் எங்களுக்கு வேண்டியவை, ஏனென்றால் ஒரே நிறத்தைக் கொண்டு குறுகிய துடிப்பை ஆக்கவே முடியாது.

இனி அவற்றை ஒன்றுசேர்க்க வேண்டும். இல்ல விளையாட்டுப் போட்டியில் சின்னப் பிள்ளைகளை முன்னுக்கும் ஓடக்கூடிய அக்காமாரைப் பின்னுக்கும் நிறுத்தி விட்டால் முடிவுக் கோட்டில் எல்லாரும் ஒன்றாக வந்து விழுவார்கள். அப்படித்தான் இதுவும். நுண்கோடு கீறிய தட்டுச் சோடியோ அரியச் சோடியோ முன்னால் போகும் சிவப்பைச் சுற்றுப்பாதையிலும் பின்னால் வரும் நீலத்தைக் குறுக்குப்பாதையிலும் அனுப்புகிறது. நீலம் சிவப்பை எட்டிப்பிடிக்கத் துடிப்பு சுருங்கிவிடும். 1987இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் சார்ள்ஸ் ஷாங்க் குழுவினர் இப்படி 6 பெம்டோசெக்கனைத் தொட்டார்கள். சக்தி கூடிய துடிப்பை மெல்லிய இழை தாங்காது என்பதால், 1996இல் மிலான் குழுவினர் சடத்துவ வாயு நிரப்பிய உள்ளீடற்ற குழாயைப் பயன்படுத்தினார்கள்.

இந்தத் துறையில் எங்கள் பெயர்களும் உண்டு. துடிப்பு சுருங்கும்போது அடியில் ஒரு மங்கல் பீடம் மிஞ்சி நிற்பது பெரிய தொல்லை. அந்தப் பீடம் ஏறக்குறைய இல்லாமலே சுருக்கும் வழியை 2009இல் எழுதிய நால்வரில் இருவர் செந்தில்நாதனும் நக்கீரனும்.

பெண்பிள்ளைகளின் பாடசாலையில் டொனா ஸ்ரிக்லண்டைச் சொல்லாமல் விட முடியாது. 1985இல் றொசெஸ்ரர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்தபோது, தன் ஆசிரியர் ஜெரார் மூறூவுடன் சேர்ந்து, 150 பிக்கோசெக்கன் துடிப்பை 1.4 கிலோமீற்றர் இழையில் செலுத்தி நிறங்களை விரித்து, சக்தியூட்டி, ஏறக்குறைய 2 பிக்கோசெக்கனுக்குச் சுருக்கினார். 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. பௌதிகவியலில் அதைப் பெற்ற மூன்றாவது பெண் அவர். இரண்டாவதாகப் பெற்றவர் மரியா கோப்பேட் மேயர் (1963). பரிசு கிடைத்தது வேறு வேலைக்கு. ஆனால் ஒரு அணு ஒரே வேளையில் இரண்டு ஒளித்துணிக்கைகளை விழுங்கலாம் என்று 1931இலேயே எழுதியவர் அவர்தான். இப்படிப் பல துணிக்கைகளை ஒரேயடியாக விழுங்குவதால்தான் பெம்டோசெக்கன் லேசர் விழிவெண்படலத்தின் மேற்பரப்பைத் தொடாமல் கடந்து, குவியும் புள்ளியில் மட்டும் வெட்டுகிறது. சுற்றியுள்ள இழையம் சூடாக நேரமே இல்லை.

1990களில் மூறூவின் மிச்சிகன் ஆய்வுகூடத்தில் ஒரு மாணவரின் கண்ணில் தவறுதலாக லேசர் பட்டது. பார்த்த வைத்தியருக்கு வியப்பு: விழித்திரையில் காயம் அவ்வளவு துப்புரவாக இருந்தது. கண் சத்திரசிகிச்சைக்கு இந்த லேசர் வந்த கதை அதுதான்.

இப்போது அம்மாவின் கண். ஊரில் "லேசரிலை செய்தது" என்று சொல்லும் கண்புரைச் சிகிச்சைகள் பல லேசரே அல்ல. கலங்கிய வில்லையை உடைப்பது கழியொலி அலை. பெம்டோசெக்கன் லேசர் இருந்தாலும் அது செய்வது வெட்டுவதும், வில்லையின் உறையைத் திறப்பதும், வில்லையைத் துண்டாக்குவதும்தான். மிச்சம் வைத்தியரின் கையில். 2020இல் லான்செற் சஞ்சிகையில் வந்த பிரெஞ்சு ஆய்வில், லேசர் முறை வழமையான முறையைவிட மேலானதாகத் தெரியவில்லை. செலவு மட்டும் கூட. பார்வைத் திருத்தத்துக்கு விழிவெண்படலத்தை வெட்டுவதில் கதை வேறு. அங்கே அலகுக் கத்தியைவிட நான் லேசரையே விரும்புவேன்.

ஆகவே பணம் அனுப்ப முன்னர், "எந்தக் கட்டத்தில் லேசர், எதற்காக?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். புரை முற்ற விடாமல் நேரத்துக்குச் செய்விப்பதுதான் முக்கியம். காசு மிஞ்சினால், எங்கள் பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்கு நல்ல அரியங்கள் இரண்டு தேவைப்படுகின்றன. ஆசிரியையிடம் பட்டியல் இருக்கிறது.