பேனை செய்வோனும் துளைப்பொறியும்

பேனை என்றதும் கடைகளிற் குவிந்துகிடக்கும் பிளாஸ்திக்குப் பேனைகளே பலருடைய நினைவுக்கு வருகின்றன. ஆயினும், மரத்தைக் கடைந்து அழகிய பேனைகளை வீட்டுப் பட்டறையிலேயே செய்வோர் இன்று உலகின் பல பாகங்களிலும் உளர். தளபாடத் தொழிலில் எஞ்சும் முதிரைத் துண்டும், பனையின் வைரமும், வேம்பின் கழிவும் இத்தொழிலுக்கு ஏற்ற மூலப்பொருள்களாம். சிறு முதலோடு இதிற் புக விழையும் ஒருவன் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுண்டு. கையிலுள்ள பணத்துக்குள் எத்தகைய துளைப்பொறியை வாங்குவது என்பதே அக்கேள்வி.

இதற்கு விடை காணுமுன், பேனை உருவாகும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். மெல்லிய வகைப் பேனைக்கு 7 மில்லிமீற்றர் தடிப்பும் ஏறத்தாழ 53 மில்லிமீற்றர் நீளமுமுடைய இரு பித்தளைக் குழாய்கள் வேண்டும். குழாயிலும் சற்று நீளமாக மரக்கட்டை அறுக்கப்படும். அதன் நடுவே, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நெடுந்துளை இடப்படும். குழாயைப் பசையிட்டுத் துளையினுட் செலுத்தி, பசை இறுகிய பின் கட்டையைக் கடைசற் பொறியில் ஏற்றிக் கடைவர். கடைந்து முடிந்ததும் குழாயின்மேல் எஞ்சும் மரம் சில இடங்களில் ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கூட இராது.

துளை கட்டையின் நடுவிலிருந்து சிறிது விலகினும் பெருங்கேடில்லை. ஏனெனில் கடைசல் துளையையே அச்சாகக் கொண்டு நடைபெறுவது. ஆனால் துளை வட்டமாக இராது அகன்றுவிடின், குழாய்க்கும் மரத்துக்கும் இடையே வெற்றிடம் தோன்றும். தாங்குவாரற்ற அந்த மெல்லிய மரம் உளி பட்டதும் வெடிக்கும். துளை மிகவும் சாய்ந்துவிடின், கடையும்போது ஒருபுறத்திற் பித்தளை வெளிப்படும். இரண்டில் எது நேரினும் மரமும் குழாயும் அன்றைய உழைப்பும் வீணே.

கடைக்குச் செல்பவன் பெரும்பாலும் மோட்டரின் வலுவையே முதலில் விசாரிக்கிறான். பேனைத் தொழிலுக்கு அது முதன்மையான கேள்வியன்று. 7 மில்லிமீற்றர்த் துளைக்கு மூன்றிலொரு பரிவலு தாராளமாகப் போதும். அவ்வாறே, 8 அங்குலப் பொறி, 10 அங்குலப் பொறி என்று சொல்லப்படும் அளவும் இங்கு அதிகம் பயன்படுவதன்று. 8 அங்குலப் பொறி என்றால், பொறியின் தூணுக்கும் அலகின் நடுவுக்கும் இடையே 4 அங்குலம் உண்டு என்பதே பொருள். பேனைக் கட்டையின் அகலமோ முக்கால் அங்குலம். ஆகவே, இவ்விரண்டுக்காகவும் மேலதிக பணம் கொடுக்க வேண்டுவதில்லை.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று இறக்கம்; மற்றையது ஆட்டம்.

கைப்பிடியைத் திருப்பும்போது சுழல்தண்டு எவ்வளவு தூரம் கீழிறங்குகிறதோ அதுவே இறக்கம். மலிவான மேசைத் துளைப்பொறிகளில் இது பெரும்பாலும் 50 மில்லிமீற்றரே. கட்டையோ 55 மில்லிமீற்றர் அளவினது. ஆதலால் ஒரே இறக்கத்தில் துளை மறுபுறம் சேராது. 80 மில்லிமீற்றர் இறக்கமுள்ள பொறி இத்தொல்லையைத் தீர்க்கும். ஆனால் அதன் விலை கூடுதல்.

ஆட்டமோ வேறுவகையான குறை. அலகைப் பற்றும் சக்கு நடுத்தவறிச் சுழலின், 7 மில்லிமீற்றர் அலகும் அதனிலும் பெருந்துளையையே இடும். சுழல்தண்டு தன் உறையில் தளர்ந்திருப்பின், அலகு மரத்தின் மென்மையான பக்கத்தை நாடி ஓடும். பனை வைரத்தில் இது தெளிவாகப் புலப்படும். கடினமான கருநார்களும் அவற்றிடையே மென்மையான பகுதியும் மாறி மாறி வருதலால், தளர்ந்த பொறியில் மாட்டிய அலகு அதில் நேரே செல்வதில்லை.

இவ்விரு குறைகளுள் ஒன்றைப் பொறுத்தே ஆகவேண்டுமெனின், எதனைப் பொறுப்பது? குறைந்த இறக்கத்தைப் பொறுக்கலாம், ஆட்டத்தைப் பொறுத்தலாகாது. குறைந்த இறக்கம் தொழிலாளியின் நேரத்தை மட்டுமே தின்னும். அலகின் நுனி கட்டையை ஏறக்குறையத் தொடும் நிலையில் மேசையை அமைத்துத் துளைக்கத் தொடங்கலாம். இறக்கம் முடிந்ததும் மோட்டரை நிறுத்தி, அலகு துளைக்குள்ளேயே இருக்க மேசையை உயர்த்தி இறுக்கினால், எஞ்சிய சில மில்லிமீற்றரையும் துளைத்துவிடலாம். உள்ளே நிற்கும் அலகே வழிகாட்டியாதலின் நேர்மை கெடுவதில்லை. ஆட்டத்துக்கோ இத்தகைய மாற்றுவழி கிடையாது. அது ஒவ்வொரு பேனையிலும் மரத்தைத் தின்னும்.

பொறியைச் சோதிக்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. மின்னிணைப்பை நீக்கிய பின், நேரான உருக்குக் கம்பியொன்றைச் சக்கில் மாட்டுதல் வேண்டும். கம்பியின் அருகே ஒரு மரத்துண்டை அசையாது நிறுத்தி, கப்பியைக் கையாற் சுழற்றினால், இடைவெளி கூடிக் குறைகிறதா என்பதைக் கண்ணே காட்டும். அடுத்து, சுழல்தண்டை முழுவதும் கீழிறக்கிப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தல் வேண்டும். மூன்றாவதாக, வளைத்த கம்பியொன்றைச் சக்கில் மாட்டி, அதன் நுனி மேசையை நாற்புறமும் ஒரே அளவில் தொடுகிறதா என நோக்க வேண்டும். மேசையின் சாய்வைத் திருத்திக்கொள்ளலாம். பழுதான சக்கையும் மாற்றிக்கொள்ளலாம். சுழல்தண்டே வளைந்திருப்பின், எவ்வளவு மலிவாயினும் அப்பொறியை விட்டு விலகுவதே நன்று.

இச்சோதனைகளில் தேறுமாயின், பழைய வார்ப்பிரும்புப் பொறி புதிய மெல்லிய பொறியினும் மேலானதாக இருத்தல் கூடும். கைத்துளைப்பானை மாட்டும் மலிவான தாங்கிகளோ பெரும்பாலும் ஆட்டமுடையவை. பேனைக்கு அவை உகந்தனவல்ல. அக்கிரிலிக்குப் போன்ற பொருள்கள் வெப்பத்தில் இளகுவன. ஆகவே வாரை மாற்றி நிமிடத்துக்கு 500 அல்லது 600 சுற்றளவுக்கு வேகத்தைக் குறைக்கக்கூடிய பொறியே ஏற்றது.

பொறிக்கெனப் பணம் முழுவதையும் செலவிடுதல் மற்றொரு தவறு. கட்டையை நிமிர்த்தி நடுவிற் பற்றும் இடுக்கியும், கூரான நல்ல அலகும் பொறியைப் போலவே இன்றியமையாதவை. கட்டையைக் கையாற் பிடித்துத் துளைத்தல் ஆபத்தானது. சுழலும் அலகு கட்டையைப் பறித்துக் கையைக் காயப்படுத்தும். கையுறையும் தொங்கும் சட்டைக் கையும் சுழலும் அலகருகே ஆகா. துளையிடும்போது சிறிது சிறிதாக இறக்கி, அடிக்கடி அலகை மேலெடுத்துத் தூளை வெளியேற்றுதலும் வேண்டும். தூள் அடைத்த அலகு சூடேறும். சூடேறிய மரம் பிளக்கும்.

இறுதியாக எண்ணத்தக்கது இன்னொன்றுண்டு. பேனை செய்வோனிடம் கடைசற் பொறி எப்படியும் இருந்தாகவேண்டும். அதன் ஒரு முனையிற் கட்டையைப் பற்றிச் சுழற்றி, மறுமுனையில் அலகை மாட்டி முன்னே செலுத்தினாலும் நெடுந்துளை கிடைக்கும். அதற்கு வேண்டியவை கட்டையைப் பற்றும் ஒரு பிடியும், அலகுக்கான ஒரு சக்குமே. துளைப்பொறியின் தேவை வேகத்தினால் எழுவது. நாளொன்றுக்கு ஒரு பேனை செய்பவன் அதனை ஒத்திவைக்கலாம். ஒரே அமர்வில் இருபது கட்டைகளைத் துளைப்பவனே அதனை நாட வேண்டும்.

ஆகவே, குறைந்த முதலுடையவன் கடைக்குச் செல்லும்போது ஒரு நேரான கம்பியைச் சட்டைப் பையில் எடுத்துச் செல்வானாக. விற்பவரின் சொல்லினும், விலைச்சீட்டினும், அக்கம்பி சொல்வதே அவனுக்கு நம்பத்தகுந்த சான்றாகும்.