ஹயா வேறு, அவமானம் வேறு
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு 'ஹயா'. வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் போதித்ததை நம் மதரஸாச் சிறுவர்களும் அறிவர். அதன் சிறப்பை நான் புதிதாக விரித்துரைக்க வேண்டியதில்லை. ஹயாவின் பெயரைச் சூடிக்கொண்டு நம் வீடுகளில் உலவும் வேறொன்றைப் பற்றியே பேச விரும்புகிறேன். அதன் பெயர் அவமானம்.

ஹயா, தவறு நிகழுமுன் வந்து கையைப் பிடித்துத் தடுக்கிறது. அவமானமோ எல்லாம் முடிந்த பின் வந்து கழுத்தைப் பிடிக்கிறது. தவறே செய்யாதவரையும் அது விடுவதில்லை. வியாபாரம் நொடித்துக் கடன்பட்டவர், தேர்வில் தோற்ற மாணவர், கணவனால் கைவிடப்பட்ட பெண், பிள்ளைப்பேறு வாய்க்காத தம்பதியர் ஆகியோர் என்ன பாவம் செய்தார்கள்? ஆயினும் வலீமா விருந்துக்கு வராமல் முதலில் ஒதுங்கிக்கொள்பவர்கள் இவர்களே.

அமெரிக்க உளவியலாளர் ஹெலன் பிளாக் லூயிஸ் 1971-இல் வெளியிட்ட நூலில், குற்ற உணர்வையும் அவமான உணர்வையும் பிரித்துக் காட்டினார். குற்ற உணர்வில் மனம் செய்த செயலை நோக்குகிறது. அவமானத்தில் தன்னையே நோக்குகிறது. "தவறு செய்துவிட்டேன்" என்பவனுக்கு அதைத் திருத்த வழியுண்டு. மன்னிப்புக் கேட்பான், கடனை அடைப்பான், தவ்பாச் செய்வான். "நானே தவறானவன்" என்பவன் எதைத் திருத்துவான்? மறைவான், பொய் சொல்வான், சில வேளை சீறுவான். மாசசூசெட்ஸ் மாநிலச் சிறைகளில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஜேம்ஸ் கில்லிகன், கொடுங்குற்றவாளிகள் பலரின் வன்முறைக்கு அடியில் தாங்கள் இழிவுபடுத்தப்பட்டோம் என்ற உணர்வு கிடந்ததாக 1996-இல் எழுதினார். வீட்டில் கை நீட்டும் கணவனைப் பற்றி விசாரிக்கும் நம் பெரியவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. அது அவன் செயலை நியாயப்படுத்தாது. எங்கிருந்து தொடங்குவது என்பதை மட்டும் காட்டும்.

அவமானம் ஒரு குடும்பத்தை எதுவரை கொண்டு செல்லும் என்பதற்கு ஏர்வாடியே சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில் அங்குத் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 நோயாளிகள் ஓட வழியின்றி மாண்டனர். வறுமையும் மருத்துவ வசதிக் குறைவும் அவர்களை அங்குக் கொண்டு சேர்த்தன என்பது உண்மையே. ஆயினும், "வீட்டில் மனநோயாளி இருப்பது தெரிந்தால் மற்றப் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் அமையாது" என்ற அச்சத்தை நாம் அறியாதவர்களா? நோயாளியைச் சங்கிலியில் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துவிட்டது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. 14416 என்ற எண்ணில் இலவச மனநல ஆலோசனை 2022 முதல் கிடைக்கிறது. சட்டம் மாறிவிட்டது, சம்பந்தம் பேசும் இடத்துப் பேச்சு மாறியிருக்கிறதா?

இனி, கஅப் இப்னு மாலிக் (ரழி) அவர்களின் வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஹிஜ்ரி 9-இல் தபூக் படை புறப்பட்டபோது, வசதியும் வலிமையும் இருந்தும் அவர் பின்தங்கிவிட்டார். எண்பதுக்கும் மேற்பட்டோர் சாக்குச் சொல்லித் தப்பினர். அவரோ உண்மையைச் சொன்னார். அவரோடும் மற்ற இருவரோடும் எவரும் பேசக்கூடாது என்று கட்டளை பிறந்தது. மற்ற இருவரும் வீட்டில் முடங்கி அழுதனர். கஅப் (ரழி) தொழுகைக்கு வந்தார்; கடைவீதிக்கும் சென்றார். பெருமானார் (ஸல்) அவர்களுக்கு ஸலாம் கூறி, மறுமொழிக்கு அவர்களின் உதடுகள் அசைந்தனவா என்று பார்த்து நின்றார். தாம் தொழுகையில் இருக்கும்போது அவர்கள் தம்மை நோக்குவதையும், தாம் திரும்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் கண்டார். கஸ்ஸான் மன்னனிடமிருந்து, எம்மிடம் வந்துவிடும் என்று கடிதம் வந்தது. அதை அடுப்பிலிட்டார். அவமானப்பட்டவனைத் தேடி இத்தகைய கடிதங்கள் இன்றும் வரும். கந்துவட்டிக்காரனிடமிருந்தும் போதை விற்பவனிடமிருந்தும் வரும்.

50 இரவுகள் கடந்தன. மன்னிப்பு இறங்கியது. அவர் பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது தல்ஹா (ரழி) அவர்கள் எழுந்து ஓடிவந்து கைகொடுத்து வாழ்த்தினார்கள். அதைத் தாம் ஒருபோதும் மறக்கவில்லை என்று கஅப் (ரழி) பின்னாளில் கூறினார்கள். பார்வை இழந்த முதுமையில், தம்மைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற மகனிடமே முழு வரலாற்றையும் தம் வாயால் சொன்னார்கள். அவமானமாகவே அது தங்கியிருந்தால் பெற்ற மகனிடம் சொல்ல நா எழுந்திருக்குமா?

ஆஸ்திரேலியக் குற்றவியல் அறிஞர் ஜான் பிரெய்த்வெய்ட் 1989-இல் எழுதிய நூலின் கருத்தும் இதுவே. கண்டித்துவிட்டு மீண்டும் சேர்த்துக்கொண்டால் மனிதன் திருந்துவான். முத்திரை குத்தி வெளியே தள்ளினால் தன்னைப்போல் தள்ளப்பட்டவர்களோடு சேர்ந்துகொள்வான்.

சிலர் ஊர்விலக்கத்திற்கு இந்த வரலாற்றையே ஆதாரம் காட்டுகின்றனர். அது பொருந்தாது என்பதே என் கருத்து. அங்குக் கட்டளையும் மன்னிப்பும் வஹியால் தீர்மானிக்கப்பட்டன. நாமோ, சந்தா நிலுவைக்காக நிக்காஹ் பதிவேட்டைத் தர மறுக்கிறோம். எந்த நாளில் முடியும் என்றும் சொல்வதில்லை. தகப்பனின் நிலுவைக்காக மகள் தலைகுனிந்து நிற்கிறாள். நிலுவைதாரர் பெயர்களை வாசலில் எழுதி வைக்கும் பலகையும் அப்படித்தான். வசூல் கூடியிருக்கலாம். ஜும்ஆவுக்கு வேறு பள்ளிவாசலைத் தேடிச் சென்றவர்கள் எத்தனை பேர் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

தலாக், குலா விசாரணைகளைக் கூட்டத்தின் நடுவே நடத்துவதைத் தவிர்த்து, இரு தரப்பிலும் ஒவ்வொருவரை மட்டும் வைத்துத் தனியறையில் பேசலாம்.

இறுதியாக, நம் ஆண்டு மலரைப் பற்றி ஒன்று. பைத்துல்மால் உதவி பெற்றோரின் பெயர், தெரு, தொகை ஆகியவற்றை ஆண்டுதோறும் அச்சிடுகிறோம். கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணமே காரணம். ஆனால், கேட்கக் கூசுவதால் செல்வர் என்று பிறரால் எண்ணப்படும் ஏழைகளைப் பற்றி அல்பகரா அத்தியாயம் பேசுகிறது. அத்தகையவர் இந்தப் பட்டியலைப் பார்த்தபின் விண்ணப்பம் எழுதுவாரா? மருத்துவத்திற்கு இத்தனை பேர், கல்விக்கு இத்தனை பேர், மொத்தம் இவ்வளவு என்று மட்டும் அச்சிடலாம். பெயர்ப் பதிவேடு இமாம், பொருளாளர் இருவர் பொறுப்பில் இருக்கட்டும். தணிக்கையாளர் பார்த்துக் கையொப்பமிடட்டும். இப்பொதுக்குழு இதனைத் தீர்மானமாக ஏற்குமானால், அடுத்த ஆண்டு மலரிலேயே அப்பக்கங்களை மாற்றிவிடலாம்.