எந்தத் தெரு? – வாடகை வீடும் சாதியும்

(திருவிடைமருதூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். நான் வீடு பற்றிப் பேசப் போகிறேன். சொந்த வீடு இல்லை, வாடகை வீடு. மாற்றலாகி இந்தப் பக்கம் வந்த வங்கி எழுத்தன் நான். சம்பளத்தோடு வீட்டு வாடகைப்படி என்று ஒரு தொகை வருகிறது. அந்தப் படியில் யாருடைய சாதியும் எழுதியிருப்பதில்லை. ஆனால் அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினால்தான் தெரிகிறது, நம்ம பணத்துக்கும் சாதி இருக்கிறது என்று.

சின்ன ஊரில் வாடகை குறைவு என்கிறார்கள். உண்மைதான், சென்னையோடு ஒப்பிட்டால் குறைவு. ஆனால் கட்டுப்படியாகிற வீடு என்பது வேறு, கிடைக்கிற வீடு என்பது வேறு. ஒரு மாடிப் போர்ஷனுக்கு ஆறாயிரம் என்று புரோக்கர் சொன்னார். வீட்டுக்காரர் என்னிடம் நாலு கேள்வி கேட்டார். அப்புறம் அதே போர்ஷன் எட்டாயிரமாகிவிட்டது, அட்வான்ஸ் பத்து மாதமாகிவிட்டது. இந்த இரண்டாயிரத்துக்கு என்ன பெயர் வைப்பது? எந்த அரசாங்கமும் போடாத வரி இது. நாம் மட்டும் கட்டுகிற வரி. கட்ட முடியாதவன் ஊருக்கு வெளியே, மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கிற மனையில் கிடைக்கிற வீட்டுக்குப் போகிறான். பிறகு, "அவங்க அவங்க ஆளுங்களோடவே இருக்கத்தான் ஆசைப்படுறாங்க" என்று அதற்கும் ஒரு விளக்கம் சொல்வார்கள்.

அந்த நாலு கேள்விகளைக் கொஞ்சம் பார்ப்போம். யாரும் "நீ என்ன சாதி?" என்று நேராகக் கேட்பதில்லை. சட்டம் தெரிந்தவர்கள், நாகரிகம் தெரிந்தவர்கள். "சாருக்குச் சொந்த ஊரு எது?" என்பார்கள். ஊரைச் சொன்னால், "அங்க எந்தத் தெரு?" காவிரிப் படுகையில் இந்த ஒரு கேள்வி போதும். அக்கிரகாரம், குடியானத் தெரு, சேரி என்று திசை வைத்துப் பிரித்த ஊர்கள் இவை. தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. தெருவைச் சொல்லாமல் மழுப்பினால் மூன்றாவது கேள்வி: "குலதெய்வம் எது?" அதற்கும் பிடி கொடுக்கவில்லையென்றால், "வீட்ல கவுச்சி பொழங்குவீங்களா?" இதைக் கேட்கிறவர் வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். அது அவர்கள் வீட்டுக் கவுச்சி. நம்முடையது வேறு கவுச்சி!

கேள்விகள் முடிகிறபோது விளிப்பும் மாறும். "சார்" என்று ஆரம்பித்தவர் நடுவில் "தம்பி" என்பார். கடைசியில் எந்த விளியும் இருக்காது. "பொண்ணு வெளியூர்லேர்ந்து வர்றா", "வெள்ளையடிக்கணும்", "எனக்கு ஒண்ணும் இல்ல, எங்க அம்மா பழைய காலத்து மனுஷி". இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். சாதி எப்போதும் இன்னொருத்தரிடம்தான் இருக்கிறது. அம்மாவிடம், பக்கத்துப் போர்ஷனிடம், தெருவிடம். பேசுகிறவரிடம் மட்டும் ஒருபோதும் இருப்பதில்லை.

இந்த வாக்கியம் புதிதல்ல. 1917-ல் பரோடாவில் அண்ணல் அம்பேத்கர் இதைக் கேட்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பியவர், பரோடா சமஸ்தானத்தின் கணக்குத் துறையில் வேலைக்குச் சேர வந்தவர், தங்க இடம் கிடைக்காமல் ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். நாள் வாடகை ஒன்றரை ரூபாய். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கும்பல் வந்து சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னது. இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டுப் பார்த்தார். ஒருவர் இந்து. நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். இன்னொருவர் கிறித்தவர். ஊரிலிருந்து மனைவி வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றார். இருவருமே "எனக்கு ஒண்ணும் இல்ல" வகை. அம்பேத்கர் ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். அவர் கையில் வேலை இருந்தது, பட்டம் இருந்தது, வாடகைப் பணமும் இருந்தது. படித்து வேலைக்குப் போனால் சாதி போய்விடும் என்று நமக்குச் சொல்கிறவர்கள் இந்தப் பூங்காவைத் தாண்டித்தான் வரவேண்டும்.

தஞ்சை மண்ணில் வீட்டின் கதை இன்னும் கொடுமை. பண்ணையாள் குடும்பத்தின் குடிசை நின்ற மண் மிராசுதாருடையது. கூலி கேட்டால் கூலி மட்டும் போகாது, குடிசையும் போகும். குடியிருப்பே ஒரு விலங்காக இருந்தது. செங்கொடி இயக்கம் சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்துப் போராடிய பிறகு 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்க 1961-ல் ஒரு சட்டம். இடையில் 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. உயிருக்குப் பயந்து ஒரே குடிசைக்குள் ஓடி ஒளிந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். குடியிருப்பு மனையை உழைப்பவனுக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971-ல்தான் வந்தது. காலடி மண் நம்முடையதானது. ஆனால் அது சேரியில் இருக்கிற மண். ஊருக்குள் இருக்கிற மண் அப்படியேதான் இருந்தது.

இப்போது இந்த ஊருக்கு வருவோம். மகாலிங்கசாமி கோயிலைச் சுற்றி வீதிகள். 1947-ல் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. இன்றைக்கு நான் கோயிலுக்குள் போகலாம், யாரும் தெருப் பெயர் கேட்க மாட்டார்கள். ஆனால் கோயில் வாசலிலிருந்து நூறு அடி தள்ளி ஒரு போர்ஷன் காலியாக இருந்தால், அங்கே கேட்பார்கள். சாமி ஒத்துக்கொண்டது, வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை!

இன்னொன்றும் இருக்கிறது. டெல்டாவின் கோயில் ஊர்களில் எத்தனையோ வீடுகளின் அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம். வீட்டுக்காரர் கட்டடத்துக்குத்தான் சொந்தக்காரர், மண்ணுக்கு அவரும் வாடகைதாரர். "என் வீடு, என் இஷ்டம்" என்கிறார். மண் அவருடையது இல்லையே!

சட்டம் என்ன செய்கிறது? 1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும், பதிவு வேண்டும், வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. நல்லது. ஆனால் இதெல்லாம் வீடு கிடைத்தவனுக்கு. சாதி பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று ஒரு வரி அதில் இல்லை. 2005-ல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கில், தங்கள் சமூகத்தாரை மட்டுமே உறுப்பினராக்கும் விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1917-க்கும் 2005-க்கும் நடுவில் ஒரு அரசியல் சட்டம் எழுதப்பட்டது. அதை எழுதியவர் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனாலும் ஒரு பிடி இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்குகிறது. வழக்கமான வியாபாரத்தில் எந்த நிபந்தனையில் ஒன்றைச் செய்வார்களோ, அந்த நிபந்தனையில் செய்ய மறுப்பதும் புறக்கணிப்பு என்கிறது அதன் விளக்கம். ஆறாயிரம் எட்டாயிரமானது இதில் அடங்காதா? அடங்கும் என்று வாதாட வேண்டும் என்பது என் கருத்து. வழக்கறிஞர் தோழர்கள் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாதாடச் சாட்சி வேண்டும். நாம் புலம்புகிறோம், குறித்து வைப்பதில்லை. தில்லியிலும் அதைச் சுற்றிய நகரங்களிலும் சுகதேவ் தோரட் குழுவினர் ஓர் ஆய்வு செய்து 2015-ல் வெளியிட்டார்கள். ஒரே வீட்டுக்கு உயர்சாதிப் பெயரிலும் தலித் பெயரிலும் முஸ்லிம் பெயரிலும் போன் செய்தார்கள். தலித்துகளில் சுமார் 18 விழுக்காட்டினருக்கும், முஸ்லிம்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்கும் நேரடி மறுப்பு. முஸ்லிம் தோழர்களை விட்டுவிட்டு இந்தப் போராட்டத்தை நாம் தனியாக நடத்த முடியாது என்பதையும் இந்தக் கணக்கு சொல்கிறது.

மாணவர் தோழர்களே, இதை இங்கேயே செய்யலாம். திருவிடைமருதூர், ஆடுதுறை, கும்பகோணம். ஒரு நோட்டு, ஒரு போன், இரண்டு பேர். ஒரே டூ-லெட் போர்டுக்கு இருவரும் தனித்தனியாகப் பேசுங்கள். தேதி, வாடகை, அட்வான்ஸ், கேட்ட கேள்வி, சொன்ன காரணம் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆறு மாதம் எழுதினால் யாரும் மறுக்க முடியாத ஆவணம் நம் கையில் இருக்கும்.

அந்த ஆவணத்தோடு மூன்று கோரிக்கைகள் வைப்போம். ஒன்று, வாடகைச் சட்டத்தில் சாதி, மதம் பார்த்து மறுப்பதைத் தடுக்கும் பிரிவு வேண்டும். இரண்டு, கோயில், மட மனைகளில் வீடு கட்டி வாடகைக்கு விடுகிறவர்கள் சாதி பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையை மனை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும். மூன்று, வேலைக்காக மாற்றலாகி வருகிற தலித் ஊழியர்களுக்கு அலுவலகமே தன் பெயரில் ஊருக்குள் வீடு எடுத்துக் கொடுக்க வேண்டும், இதற்குத் தொழிற்சங்கங்கள் பேச வேண்டும்.

1997-ல் தொடங்கிய சமத்துவபுரங்கள் நூறு வீட்டில் நாற்பதை நமக்குக் கொடுத்தன. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சேர்ந்து வாழ ஒவ்வொரு தடவையும் புதுசாக ஒரு ஊரைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. இருக்கிற ஊர் திறக்க வேண்டும், இருக்கிற தெரு திறக்க வேண்டும். நோட்டை நாளைக்கே வாங்குங்கள், முதல் பக்கத்தில் எழுத என்னிடம் நாலு வீடுகளின் கணக்கு இருக்கிறது.